இரண்டாம் தரம் கேட்காதவர்கள்

மார்ச் 3, திங்கள்

விடியற்காலையிலேயே வெக்கை. காற்று ஒரு பொட்டும் இல்லை. ஆறு நாற்பது பஸ்ஸில் சரவணையிலிருந்து யாழ்ப்பாணம் வரை நின்றபடி. பண்ணைப் பாலத்தில் எல்லோரும் ஜன்னல் பக்கம் முகத்தை நீட்டினோம். கடலுக்கு நடுவிலும் காற்று இல்லை.

துறை நோட்டீஸ் போர்ட்டில் புதுக் கடதாசி. ரெய்னிங் இடம் உறுதியான கடிதம் 21ஆம் திகதி வெள்ளிக்குள் தர வேண்டும். தராதவர்கள் அடுத்த வருடம்தான். அதாவது, ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் வேலை பழகாவிட்டால் பட்டம் முடியாது, நான் ஒரு வருடம் வீட்டில் இருந்து வெங்காயம் கிண்டலாம்.

இன்றைய நிலவரம்:

– கஜன்: இடம் உறுதி. மாமா வங்கியில்.
– வினோதா: இடம் உறுதி. தகப்பனோடு படித்தவர் கொழும்பில் மனேஜர்.
– பிரசாத்: இடம் உறுதி. எப்படி என்று சொல்கிறானில்லை. ஒரு சித்தப்பா இருப்பார்.
– றெஜினா: இல்லை.
– நான்: இல்லை.

றெஜினாவின் ஊர் கரம்பொன். முதல் வருடத்திலிருந்து எனக்கு இருக்கிற ஒரே கூட்டாளி. அவளுக்கும் மாமா இல்லை, சித்தப்பா இல்லை, இருக்கிறவர்களும் கடலில் மீன்பிடிக்கிறவர்கள். என் அப்பாவிடம் ஒரு லான்ட்மாஸ்ரர், சின்ன உழவு மெஷின், இருக்கிறது, ஊர் வயலெல்லாம் உழுவார். அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர் உரக்கடை முதலாளி.

பின்னேரம் சுகந்தி அக்காவிடமிருந்து மெசேஜ். அக்காதான் வழித்துணைத் திட்டத்துக்கு வேலணைப் பொறுப்பாளர். "சனி காலை கூட்டம். தலைவர் கனடாவிலிருந்து வந்திருக்கிறார். வரும் வருடம் தீவுகளுக்குத் திட்டத்தை நிற்பாட்டுவது பற்றி."

என்ன சொல்லி எங்களைச் சேர்த்தார்கள்? குடும்பத்தில் முதல் ஆளாகக் கம்பஸ் போகிற பிள்ளைக்கு வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டி. போனில் கதைப்பார், ஆட்களை அறிமுகம் செய்வார், இல்லாத மாமாவுக்குப் பதில் மாமா. எனக்குக் கிடைத்தவர் அருள் சேர், ரொறொன்ரோ. நல்ல மனிதர். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அதையும் நிற்பாட்டப் போகிறார்களாம். ஏன் என்று நாளைக்கு நேரில் கேட்கிறேன்.

தலைக்கு எண்ணெய் முடிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல.

மார்ச் 4, செவ்வாய்

பத்து மணி விரிவுரையை விட்டுவிட்டு வேலணைக்குத் திரும்பி வந்தேன். சுகந்தி அக்கா கணினியைத் திருப்பிக் காட்டினார். தீவுப் பிள்ளைகள் பதினொரு பேர். "மாணவர் கேட்ட உதவி" என்று ஒரு கட்டம். பதினொரு கட்டத்திலும் "இல்லை".

என் பெயருக்கு நேரே அருள் சேர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறார். "கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு அறிமுகம் செய்யவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தன்னம்பிக்கை உள்ள பிள்ளை."

"நீர்தானே வேண்டாம் எண்டு சொன்னனீர்?" என்றார் அக்கா.

"அது வேண்டாம் எண்டில்லை அக்கா."

"அப்ப என்ன?"

"முதல்ல வேண்டாம் எண்டுதானே சொல்லுறது."

அக்கா கணினியைத் திரும்பத் தன் பக்கம் திருப்பினார். அவரும் இந்த ஊர்தான். "ஓம்," என்றார் மெல்ல. "அதுவும் சரிதான்."

பஸ்ஸில் பழைய மெசேஜ்களைத் தேடி எடுத்தேன். ஜனவரி.

அருள் சேர்: கொழும்பில எனக்குத் தெரிஞ்ச கொம்பனி ஒண்டு இருக்கு. உம்மட ரெய்னிங்குக்கு அறிமுகம் செய்து விடவோ?
நான்: பரவாயில்லை சேர். உங்களுக்கேன் வீண் கரைச்சல்.
அருள் சேர்: (பெருவிரல் படம்)

அவ்வளவுதான். அந்தப் பெருவிரலுக்குப் பிறகு இரண்டு கிழமை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இனிக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று. கிணற்றடிக்கும் கொண்டுபோனேன். அவர் அங்கே கட்டத்தை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்.

அவரும் வேலணைதான். பத்து வயதில் போனவராம். பத்து வருடம் அவருடைய அம்மா அவருக்கு என்னதான் பழக்கினா?

மார்ச் 5, புதன்

மத்தியானம் கன்ரீனில் றெஜினாவும் நானும் மற்ற ஒன்பது பேருக்கும் போன் எடுத்தோம். வழிகாட்டி கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

– "எனக்கு ஒண்டும் தேவையில்லை, உங்கட அன்பே போதும்." (இரண்டு பேர். இரண்டு பேருமே இதே வசனம்.)
– "நீங்கள் பிஸியா இருப்பீங்கள்."
– "பிறகு பாப்பம் அங்கிள்."
– "அம்மாட்டக் கேட்டுச் சொல்லுறன்." அம்மாவிடம் கேட்கவே இல்லையாம்.
– நெடுந்தீவுப் பெடியன் ஒருவன், மடிகணினி வாங்கித் தரவா என்று கேட்டதற்கு: "இருக்கு." அவனிடம் இல்லை.

றெஜினா தன்னுடையதைச் சொல்லவே மாட்டேன் என்றாள். பிடுங்கி எடுத்தேன். லண்டன் அன்ரி அவளுடைய சுயவிபரத்தைத் திருத்தித் தருகிறேன் என்றாராம். இவள், "ஐயோ அன்ரி, நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ." அங்கே அப்போது மத்தியானமாம்.

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பதினொரு பேரும் பசியோடு இலைக்கு முன்னால் இருந்து "போதும், போதும்" என்று கையைக் காட்டியிருக்கிறோம். பரிமாற வந்தவர்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் பக்கத்து வளவு மாமி வந்திருந்தா. அம்மா தேத்தண்ணீர் போடவா என்று கேட்டா. "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்." கொஞ்சம் குடியுங்கோவன். "சும்மா இரும், வேலையைப் பாரும்." அம்மா எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தா. மாமி முழுவதையும் குடித்தா. இன்று முதல் தடவையாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டில் பிஸ்கட் தட்டை நீட்டினார்கள். நான் உடனே எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மா தொடையில் நுள்ளியது இரண்டு நாள் கன்றிப்போய்க் கிடந்தது. "கேட்ட உடன எடுத்தா என்ன வளப்பு எண்டு கேக்க மாட்டினமே?" அதற்குப் பிறகு நான் கேட்ட உடனே எதையும் எடுத்ததில்லை. நல்ல வளர்ப்பு. இந்த வளர்ப்புக்குத்தான் இப்போது தண்டனை.

மார்ச் 6, வியாழன்

அருள் சேருக்கு மெசேஜ் எழுதினேன். அழித்தேன். எழுதினேன். "சேர் நலமா?" என்று தொடங்கினால் அது நலம் விசாரித்தே முடிகிறது. "நேரமிருந்தால்", "கஷ்டமில்லை என்றால்", "முடியாவிட்டால் பரவாயில்லை"... ஒவ்வொன்றாக வெட்டினேன். மிஞ்சியது:

"சேர், ஜனவரியில் நான் வேண்டாம் என்று சொன்னது மரியாதைக்கு. எனக்கு அந்த இடம் வேண்டும். 21ஆம் திகதிக்குள் கடிதம் வேண்டும். கதைத்துத் தருவீர்களா?"

அனுப்பிய உடனே போனைக் கவிழ்த்து வைத்தேன். முகமெல்லாம் சூடு. ஏதோ களவெடுத்த மாதிரி. கேட்டது களவா?

அப்பா லான்ட்மாஸ்ரரின் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். ரெய்னிங் என்றால் என்ன என்று மூன்றாம் தரமும் விளங்கப்படுத்தினேன். "படிச்சுப்போட்டும் ஆறு மாசம் சும்மா வேலை செய்யோணுமோ?" என்றார். பிறகு, "அதுக்கும் ஆள் பிடிக்கோணுமோ?" ஓம் அப்பா. அதுக்கும்.

மார்ச் 7, வெள்ளி

பதில் வந்தது. "அடடா, நீர் வேண்டாம் எண்டபடியால் அந்த இடத்தை வேற ஒரு பிள்ளைக்குக் குடுத்திட்டன். தெரிஞ்ச ஒராள் கேட்டவர். மன்னிக்கோணும் நிரோஜினி. அடுத்த முறை கட்டாயம்."

தெரிந்த ஒராள் கேட்டவர். ஒரே ஒருதரம் கேட்டிருப்பார்.

குசினிக்குப் பின்னால் போய் அழுதேன், பத்து நிமிடம் இருக்கும். அம்மா வந்து, "தலையிடியோ?" என்றா. ஓம் என்றேன். அழுது முடிய வந்தது கோபம். அருள் சேரில் பாதி, என்னில் பாதி. சரி, போன இடம் போகட்டும். ஆனால் எங்களுக்கு ஒன்றும் தேவையில்லை என்று ஒரு கடதாசி இருக்கிறதே, அதை அப்படியே இருக்க விடமாட்டேன். நாளைக்கு அந்த மண்டபத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

ஒன்பது பேருக்கும் திரும்பப் போன் எடுத்தேன். உண்மையில் என்ன வேண்டும்? இப்போது சொல், மரியாதை பார்க்காமல் சொல். எழுதிக்கொண்டேன். சொல்ல வைக்க ஒவ்வொருவருக்கும் கால் மணித்தியாலம் எடுத்தது.

மார்ச் 8, சனி

எல்லாவற்றையும் எழுதுகிறேன், இன்றைக்கே.

மண்டபத்தில் நாற்பது கதிரை, பாதி வெறுமை. தலைவர் ஐயா, எழுபது வயது இருக்கும், ஊர்காவற்றுறைக் கடைக்காரக் குடும்பம், ரொறொன்ரோ போய் நாற்பது வருடம். கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"தீவுப் பிள்ளையளுக்கு ஆர்வம் குறைவா இருக்கு. குறை சொல்லேல்லை. பயம், கூச்சம். அதாலை நாங்கள் இந்த வருஷம் தன்னம்பிக்கைப் பயிற்சி ஒண்டு, ஒரு நாள், வைச்சுப்போட்டு முடிப்பம் எண்டு யோசிக்கிறம். காசையும் ஆக்களையும் கேக்கிற பக்கத்துக்கு அனுப்பலாம்."

இந்த இடத்தில்தான் சுகந்தி அக்கா ரோல்ஸ் தட்டோடு வந்தார்.

"ஐயா, எடுங்கோ."

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் சாப்பிட்டனான்."

"ஒண்டு எடுங்கோ ஐயா. சூடா இருக்கு."

"சரி, நீர் சொல்லுறீர் எண்டு." எடுத்தார். கடித்தார்.

நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, அக்கா முதல்ல கேக்கேக்க நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்ன?"

"ரோல்ஸ். வேண்டாம் எண்டனீங்கள். இப்ப சாப்பிடுறியள். அக்கா ரெண்டாந்தரம் கேக்காமல் போயிருந்தா, ஐயாவுக்கு ரோல்ஸில ஆர்வம் குறைவு எண்டு எழுதியிருப்பா."

மண்டபத்தில் யாரோ தும்முகிற மாதிரிச் சிரித்தார்கள். தலைவர் ரோல்ஸைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"நாங்களும் அதைத்தான் சொன்னனாங்கள் ஐயா. பதினொரு பேரும். எங்கட வழிகாட்டியள் ஒருக்காக் கேட்டிட்டுப் போட்டினம். எங்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி வேண்டாம். அவைக்கு ரெண்டாந்தரம் கேக்கப் பயிற்சி குடுங்கோ."

அவர் சிரித்தார், ஆனால் விடவில்லை. "தங்கச்சி, நீர் சொல்லுறது விளங்குது. ஆனா நாளைக்கு ஒரு கொம்பனிக்காரன் உம்மை ரெண்டாந்தரம் கேப்பானோ? கனடாவில ஒருக்காத்தான் கேப்பினம். அதை நாங்கள் பழக்காட்டி ஆர் பழக்கிறது?"

அது உண்மை. எனக்கு நேற்றே விளங்கிய உண்மை, அதற்காக நான் ஒரு இடத்தையே இழந்தேன். ஆனாலும் விட மனம் வரவில்லை.

"பழகுவம் ஐயா. ஆனா இது கனடா இல்லை. நீங்கள் நிக்கிறது வேலணையில. எங்களுக்கு உதவ வந்தவை எங்கட பாஷையில கேக்கோணும். நாங்கள் மாறும் வரைக்கும் நீங்களும் கொஞ்சம் மாறுங்கோ."

பிறகு பட்டியலை வாசித்தேன். பெயர் சொல்லி, கூச்சமில்லாமல். சங்கீதாவுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதைத் திருத்த ஒருவர், மாதம் இரண்டு தரம். நெடுந்தீவுப் பெடியனுக்குக் கணினி, பழசானாலும் பரவாயில்லை. நயினாதீவுப் பிள்ளைக்கு, தாதியர் வேலையில் இருக்கிற யாரோடாவது ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டும், அவ்வளவுதான், அவள் தன் வாழ்க்கையில் கம்பஸ் முடித்த ஒரு தாதியோடு கதைத்ததில்லை. றெஜினாவுக்கு ரெய்னிங் இடம், 21ஆம் திகதிக்குள். எனக்கும் அதே.

தலைவர் எழுதிக்கொண்டே வந்தார். றெஜினாவின் பெயரில் நிமிர்ந்தார். "றெஜினா வந்திருக்கிறாவோ? உமக்கு இது அவசரமா வேணுமோ பிள்ளை?"

றெஜினா எழுந்தாள். இந்தக் கண்ணால் பார்த்தேன். "பரவாயில்லை ஐயா. மற்றவைக்கு முதல் செய்யுங்கோ."

தலைவர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

முடிவு: தீவுகளை நிற்பாட்டவில்லை. பதினொரு பேருக்கும் எழுத்தில் பதில் தருவார்களாம். நான்தான் எழுத்தில் வேண்டும் என்றேன். போகும்போது தலைவர், "நீர் ஆரின்ர மகள்?" என்றார். லான்ட்மாஸ்ரர் தங்கராசாவின் மகள் என்றேன். தெரியாது என்றார். இனித் தெரியும்.

பஸ் தரிப்பில் றெஜினாவோடு சண்டை.

"எடி, உனக்கென்ன விசரோ? இடம் உனக்கு வேண்டாமோ?"

"எல்லாருக்கும் முன்னால எப்பிடியடி ஓம் எண்டுறது?"

"நான் சொன்னனான்தானே."

"நீ சொல்லுவாய். எனக்கு ஏலாது."

"அப்ப ஒரு வருஷம் வீட்டில கிட."

நான் சொன்னது கூடிவிட்டது. அவள் தன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

றெஜினா வேறு வரிசையில் இருந்தாள். சரி.

விரிவுரை முடிய, யாழ்ப்பாணத்தில் கணினி வேலை செய்கிற நிறுவனங்களின் பெயர்களை எழுதி நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

1. ஆள் எடுப்பதில்லை.
2. பூட்டு.
3. "ஆர் அனுப்பினது?" ஒருவரும் இல்லை. "ஆரையும் கூட்டிக்கொண்டு வாரும்."
4. சுயவிபரத்தை வாங்கி மேசையில் வைத்து, அதன் மேல் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்தார்கள்.

செருப்பு வார் அறுந்தது. ஊசி குத்திக்கொண்டு வீடு.

மார்ச் 12, புதன்

5ஆவது. துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை. தனியார் வைத்தியசாலைகளில் நோயாளருக்கு நம்பர் கொடுக்கிற மென்பொருள் எழுதுகிறார்கள். நடத்துபவர் தர்சினி மிஸ், முப்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடியைத் தலையில் போட்டபடி.

"ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. நானா வந்தனான்."

"இஞ்ச ஆரையும் தெரியுமோ?"

"இப்ப உங்களைத் தெரியும்."

முறைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கணினியைக் காட்டினார். சில நாள் இரண்டு நோயாளருக்கு ஒரே நம்பர் விழுகிறதாம், ஏன் என்று பாரும். இரண்டு மணித்தியாலம். கண்டுபிடித்தேன். இரண்டு பேர் ஒரே வினாடியில் அழுத்தினால்.

"தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"ஓம் மிஸ். சீனி கொஞ்சம் கூட."

சொல்லிவிட்டு எனக்கே திகைப்பு. அவர் ஒன்றும் நினைக்கவில்லை, போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். திங்கள் வந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

கொழும்பு இல்லை. கண்ணாடிக் கட்டடம் இல்லை. மின்தூக்கி இல்லை, படியிலும் ஒன்று உடைந்திருக்கிறது. இடம் என்னுடையது.

மார்ச் 14, வெள்ளி

சுகந்தி அக்காவிடமிருந்து சுற்றறிக்கை, எல்லோருக்கும். "வழிகாட்டிகளின் கவனத்துக்கு: தீவு மாணவர் உதவியை மறுத்தால் குறைந்தது இரு முறை மீண்டும் கேட்கவும்." பத்துத் தரம் வாசித்தேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "உதை எழுதித்தான் சொல்லோணுமோ?" என்றார்.

அம்மாவுக்கு நான் கூட்டத்தில் கதைத்தது இன்றைக்குத்தான் காதில் விழுந்திருக்கிறது. "பெரிய மனிசன் வாயில ரோல்ஸோட இருக்கேக்க கேட்டனீயோ?" ஓம். "சாப்பிட்டு முடிய விட்டிருக்கலாமே." அவ்வளவுதான். நுள்ளவில்லை.

மார்ச் 17, திங்கள்

கடிதம் கையில். அரை மணியில் துறையில் கொடுத்தாயிற்று. எழுதுவினைஞர் முத்திரை குத்தும் சத்தம் நல்ல சத்தம்.

றெஜினாவுக்கு இன்னும் இடம் இல்லை. தூரத்தில் கண்டேன். முகம் காய்ந்துபோய் இருக்கிறது. போய்க் கதைக்க நினைத்தேன். என்ன சொல்வது, எனக்குக் கிடைத்துவிட்டது என்றா?

மார்ச் 20, வியாழன்

கொஞ்சம் முகில். மழை இல்லை. நாளைக்குக் கடைசி நாள். துறைப் பட்டியலில் வெறுமையாக இருக்கிற ஒரே பெயர் அவளுடையது.

பின்னேரம் ஆறு மணிக்கு அருள் சேர் கோல். போனில் குரல் கேட்பது இது இரண்டாம் தரம்.

"நிரோஜினி, நல்ல செய்தி. அந்தக் கொழும்புக் கொம்பனி இன்னும் ஒராளை எடுக்குதாம். நான் உமக்குத்தான் கேட்டு வைச்சிருக்கிறன். போறீரோ?"

ஆசை இல்லை என்றால் பொய். ஆனால் உடைந்த படியேறிப் போய் நானே கேட்டு, நானே வாங்கிய இடம் ஒன்று இருக்கிறது. தர்சினி மிஸ்ஸுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"வேண்டாம் சேர்."

"விளங்குது. நான் திரும்பக் கேக்கிறன். போறீரோ?"

"வேண்டாம் சேர். எனக்கு இடம் கிடைச்சிட்டுது, கடிதமும் குடுத்திட்டன்."

"சரி. மூண்டாந்தரமும் கேக்கிறன்."

"சேர், இது உண்மையான வேண்டாம்."

"அதை நான் எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிக்கிறது?" பாவம், மனிதர் நிசமாகவே கேட்டார்.

"அந்த இடத்தை என்ர வகுப்பில றெஜினா எண்டு ஒராள், கரம்பொன், அவவுக்குக் கேளுங்கோ. புரோகிராம் என்னைவிட நல்லா எழுதுவா. நாளைக்கு நாலு மணிக்கு முதல் கடிதம் மின்னஞ்சலில வரோணும். நம்பர் அனுப்புறன். இப்பவே எடுங்கோ."

"அவ என்ன சொல்லுவா?"

"வேண்டாம் எண்டுவா. நம்பாதேங்கோ."

நம்பரை அனுப்பினேன். 

6.15: றெஜினாவுக்கு எடுத்தேன், சொல்லி வைப்போம் என்று. பிஸி.

6.25: பிஸி.

6.40: இன்னும் பிஸி. நல்லது, சேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.